ஒரு ஜாப் கார்டுக்கு உரை

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் ஒருவர், பைக்கைப் பட்டறையில் விட்டபோது எழுதச் சொன்ன புகார் இது. பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டு, மற்றதைச் சொன்னபடியே தருகிறேன்.

"2014 மாடல், 100 சிசி. அப்பல்லாம் 500 ரூபாய்க்குப் போட்டா பன்னண்டு நாள் ஓடும், இப்ப ஏழு நாள்தான் வருது. முள்ளு பாதியிலயே நிக்குது. கவரப்பேட்டை தாண்டுனா இழுத்து இழுத்து ஆஃப் ஆவுது, மூடியத் தொறந்து மூடுனா ஸ்டார்ட் ஆவுது. ரிசர்வ்ல ஓடவே மாட்டேங்குது. மழைக்கு அப்புறந்தான் இப்படி. கார்புரேட்டர் கழட்டி கிளீன் பண்ணணும்."

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதை நிதானமாகப் படித்தால் போதும். கோளாறு எங்கே என்பதை வண்டிக்காரரே சொல்லிவிட்டார். தவறாகச் சொன்னது கடைசி வரியை மட்டும்தான், அதுவும் பாதிதான் தவறு.

*அப்பல்லாம் 500 ரூபாய்க்குப் போட்டா பன்னண்டு நாள் ஓடும், இப்ப ஏழு நாள்தான் வருது*

இந்தப் பக்கத்தில் யாரும் லிட்டர் கணக்கில் பெட்ரோல் போடுவதில்லை. "ஐந்நூறுக்குப் போடு" என்பதுதான் வழக்கம். வண்டி புதிதாக இருந்த 2014இன் நடுவில் சென்னையில் பெட்ரோல் லிட்டருக்கு 75 ரூபாயை ஒட்டி இருந்தது. 500 ரூபாய்க்கு ஆறரை லிட்டருக்கு மேல் கிடைத்தது. 2021 ஜூலையில் விலை நூறைத் தாண்டியது. அடுத்த மாதமே தமிழக அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தும், பிறகு நூறைச் சுற்றியே நிற்கிறது. இன்று அதே நோட்டுக்கு ஐந்து லிட்டர்கூட முழுதாக வராது.

கணக்குப் போடுவோம். போக வர நாளுக்கு 33 கிலோமீட்டர், லிட்டருக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தால் அன்றைக்குப் பன்னிரண்டு நாள் சரி. அதே மைலேஜ் குறையாமல் இருந்தாலும் இன்றைக்கு ஒன்பது நாள்தான். ஆக, போன ஐந்து நாளில் மூன்றை விலை தின்றுவிட்டது, இரண்டுக்குத்தான் வண்டி பொறுப்பு. அந்த இரண்டிலும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சிறு பங்கு உண்டு. 20 சதவீதம் கலந்தால் பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. அது ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான். எத்தனாலே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று டீக்கடையில் பேசுவது இந்தக் கணக்குக்கு நிற்காது.

பங்க்கில் குறைத்து ஊற்றுகிறார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. கேட்க உரிமையும் உண்டு. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவையை ஒவ்வொரு பங்க்கும் வைத்திருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் குறைந்தால் புகார் கொடுக்கலாம். ஆனால் இரண்டு நாள் ஓட்டம் என்பது ஒரு லிட்டருக்கு மேல். அவ்வளவை எந்த பங்க்கும் ஒரே ஊற்றில் திருட முடியாது.  

*முள்ளு பாதியிலயே நிக்குது*

டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதன் கம்பி முனையில் ஒரு மின்தடைப் பட்டை. மிதவை ஏறி இறங்க முள் நகரும். முள் பாதியில் நின்றால் மிதவைக் கம்பி துருவில் சிக்கியிருக்கலாம், பட்டை தேய்ந்திருக்கலாம். இதனால் பெட்ரோல் ஒரு சொட்டும் வீணாகாது. ஆனால் துரு என்றால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு இது முதல் சாட்சி. இப்போதைக்கு இதை மனத்தில் வைத்துக்கொண்டு நகரலாம்.

*கவரப்பேட்டை தாண்டுனா இழுத்து இழுத்து ஆஃப் ஆவுது, மூடியத் தொறந்து மூடுனா ஸ்டார்ட் ஆவுது*

அட்டையிலேயே மிகத் துல்லியமான வரி இதுதான்.

டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசித்துளை மாதிரி ஒரு காற்றுவழி இருக்கும். அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, குழாயில் பெட்ரோல் இறங்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்தது தீர்ந்ததும் வண்டி திணறும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும், உடனே ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போனால் மறுபடி அதே கதை.

சரி, ஏன் கவரப்பேட்டை? ஊருக்குள் வண்டி மெதுவாக ஊர்கிறது, பெட்ரோல் சிறுகச் சிறுக இறங்குகிறது. பாதி அடைத்த துளை வழியே நுழையும் காற்று அதற்குப் போதும். தச்சூர் கூட்டுச்சாலையில் கொல்கத்தா நெடுஞ்சாலை ஏறி லாரிகளோடு அறுபதில் போகும்போது செலவு கூடுகிறது, காற்று ஈடுகொடுக்கவில்லை. கவரப்பேட்டை வருவதற்குள் வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. இன்ஜின் கோளாறாக இருந்தால் மூடியைத் திறப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சோதனையும் எளிது. அடுத்த முறை திணறும்போது மூடியைத் திறந்து, காற்று இழுபடும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தால் போதும்.

அடைப்பு எதனால்? சிப்காட்டின் இரும்பு உருக்காலைகளைச் சுற்றி நிற்கும் வண்டிகளில் கரித்தூள் படிவது வழக்கம். மண்குளவி கூடு கட்டுவதும் உண்டு. மூடிமேல் மடிந்து உட்காரும் ரெக்சின் டேங்க் கவரும் துளையை மூடும். இந்த வண்டியில் இவை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க, மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் பையை மடித்து வைத்திருந்தார். நம் ஊரில் பலர் செய்யும் வேலைதான். தண்ணீரோடு காற்றும் நின்றுபோனது.

இன்னொன்றையும் ஊகிக்கலாம். வண்டி திணறும்போது சோக் இழுத்துக்கொண்டு ஓட்டியிருப்பார். எல்லோரும் அதைத்தான் செய்வோம். சோக் போட்டபடி ஓடினால் பெட்ரோல் அளவுக்கு மீறி இறங்கும். காணாமல்போன மைலேஜில் ஒரு பகுதி அங்கே போனது.

*ரிசர்வ்ல ஓடவே மாட்டேங்குது*

பெட்ரோல் காக்கில் இரண்டு வாய். மெயின் வாய் சற்று உயரத்தில் நிற்கும் குழாய், ரிசர்வ் வாய் அடிமட்டத்தில். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், துருவும் அங்கேதான் உட்காரும். மெயினில் ஓடும் வண்டி ரிசர்வில் ஓடாது என்றால், அடியில் இருப்பது பெட்ரோல் இல்லை என்று பொருள்.

எத்தனால் இங்கே குணத்தைக் காட்டும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அதைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ரிசர்வில் வைத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்கும் கண்ணுக்குத் தெரியும். இந்த வண்டியில் கீழடுக்கு இரண்டு விரற்கடை இருந்தது, அதற்கும் அடியில் செங்காவித் துரு. பிடிக்கும்போது திறந்த வெளியில் பிடியுங்கள், பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. கழிவைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது.

டேங்க்கின் அடி இரண்டு மடியாகப் பிரிந்து சட்டக் குழாயின் இருபுறமும் தொங்குவதையும் இங்கே சொல்ல வேண்டும். காக் இடப்புறம் இருந்தால் வலப்புற மடியில் தங்கியது வராது. பெட்ரோல் தீர்ந்த வண்டியைச் சாய்த்துப் போட்டு நிமிர்த்தினால் இன்னும் சில கிலோமீட்டர் ஓடும் என்பது ஊரறிந்த வித்தை. அடியில் தண்ணீர் இருக்கிற வண்டியில் அந்த வித்தை துருவையும் தண்ணீரையும் கிளறி காக்குக்கு அனுப்பும்.

*மழைக்கு அப்புறந்தான் இப்படி*

மூடியின் ரப்பர் வாஷர் இறுகிப் போயிருந்தது, மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் வடியும் துளையும் அடைத்திருந்தது. 2015, 2023 டிசம்பர்களில் ஆரணியாற்றங்கரையில் வண்டி முழுகக் கண்டவர்களுக்கு வெள்ளம்தான் காரணமாகத் தோன்றும். வெள்ளம் வேண்டாம், மூடி மேல் தேங்கும் ஒரு ராத்திரி மழையே போதும். பாலித்தீன் வைத்தது அதற்கு அப்புறம். நோய் ஒன்று, அதற்குச் செய்த கைமருந்தால் இரண்டாவது.

   

*கார்புரேட்டர் கழட்டி கிளீன் பண்ணணும்*

கழட்டத்தான் வேண்டும், ஆனால் கடைசியில். துருத்துகள் மிதவை ஊசியில் மாட்டினால் கிண்ணம் நிரம்பி வழியும். காக்கை மூடாமல் எட்டு மணிநேர ஷிப்டுக்கு நிறுத்திய வண்டியில் சொட்டுச் சொட்டாக எவ்வளவு போகும் என்று யோசியுங்கள். இன்ஜினின் கீழ்ப்புறத்தில் மட்டும் கழுவியது போலப் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தது. மிச்ச மைலேஜ் போன வழி அதுதான். இந்தத் துருவை டேங்க்கில் விட்டுவிட்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால், ஒரு வாரத்தில் அதே அட்டையை மறுபடி எழுத வேண்டிவரும், கூலியும் மறுபடி.

ஆகவே வரிசை இது. பாலித்தீனை எடுத்து மூடித் துளையை ஊது. வாஷர் மாற்று. டேங்க்கை இறக்கி வடித்து, நட்டு போல்ட்டு போட்டுக் குலுக்கித் துருவை எடு. காக்கின் வலையைக் கழுவு. அப்புறம் கார்புரேட்டர்.

வண்டி திரும்பி வந்ததும் ஒரே பங்க்கில், நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நாசில் முதல் தடவை நிற்கும்வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு ஓடியபின் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை இறங்கிய லிட்டரால் வகுங்கள். அடுத்த முறை அட்டையில் நாள் கணக்கையும் ரூபாய்க் கணக்கையும் விட்டுவிட்டு, அந்த ஓர் எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.