வானொலியும் ஊர் மன்றமும்

செய்திக் கருவி ஊருக்கு வந்துவிட்டால் மட்டும் அறிவு பரவிவிடுமா? 1956-ஆம் ஆண்டில் பூனாவையும் அதனை அடுத்த மராத்திய மாவட்டங்களையும் சார்ந்த 150 கிராமங்களில் இக்கேள்விக்கு விடை தேடப்பட்டது. கனடாவில் 1941-இல் தோன்றிய முறையைத் தழுவி, யுனெஸ்கோவின் துணையுடன் அங்கு வானொலி மன்றங்கள் நிறுவப்பட்டன. மன்றத்துக்குச் சுமார் 20 பேர் வாரம் இருமுறை கூடினர்; உழவு, சுகாதாரம் பற்றிய அரைமணி ஒலிபரப்பைக் கேட்டு விவாதித்தனர்; ஐயங்களை நிலையத்துக்கு எழுதி விடை பெற்றனர். பத்து வாரங்கள் இவ்வாறு நடந்தன.

டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்தபோது, மன்றம் அமைந்த ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி சிறிதே. ஒருவரையொருவர் அறிந்தோர் கூடிப் பேசியதே வேற்றுமைக்குக் காரணம். கைப்பேசி ஏந்தி அயல் மாநிலங்களில் வாழும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.