தானமாய் வந்த சிறுநீரகமும் விலைக்குப் போன சிறுநீரகமும்



நம் இரத்தத்திலுள்ள கழிவைப் பிரித்து வெளியேற்றும் சிறுநீரகங்கள் இரண்டு. இரண்டும் பழுதுபட்டால் உயிருக்கே ஆபத்து. ஒன்று நலமாக இருந்தாலும் மனிதன் வாழலாம். ஒருவர் மற்றவருக்கு அதைத் தானமாகக் கொடுக்க முடிவது இதனால்தான். அதற்கு விலை பேச முடிந்ததும் இதனால்தான். அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் போஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் ரிச்சர்ட் ஹெரிக் என்பவருக்கு அவருடைய இரட்டைச் சகோதரர் ரொனால்டின் சிறுநீரகத்தைப் பொருத்தினர். நெடுநாள் பலன் தந்த முதல் சிகிச்சை அதுவே. பெற்றவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை வாழ்ந்தார். நம் மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை 1975-இல் கோலாலம்பூரில் நடைபெற்றது.

தொடக்கக் காலத்தில் உயிரோடிருந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் இரத்த உறவினரே. ஏன் தெரியுமா? பிறர் உறுப்பை நம் உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும். 1980-களில் பரவிய சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து அந்த எதிர்ப்பை நன்கு அடக்கியது. முன்பின் அறியாதவரின் சிறுநீரகமும் பயன்படத் தொடங்கியது. நோயாளிகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதே வழியில் தரகர்களும் நுழைந்தார்கள்.

தமிழகத்தின் சென்னையில் வில்லிவாக்கம் என்றொரு பகுதி உண்டு. அங்கே விற்றவர்கள் பலர் இருந்ததால், 'கிட்னிவாக்கம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1994-இல் இந்திய அரசு சட்டம் இயற்றி உறுப்பு விற்பனையைத் தடுத்தது. ஆயினும் வாணிகம் மறைவாக நடந்தது.

"ஒருவருக்கு உயிர் கிடைக்கிறது, மற்றவருக்குக் கடன் தீர்கிறது, இதில் என்ன தவறு?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். 2001-இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் நேரில் விசாரித்தனர். அவர்களுள் பெண்களே மிகுதி. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றதாகக் கூறினர். பேசிய தொகையில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் கைக்கு வந்தது; சராசரியாக 1,070 அமெரிக்க டாலர். அப்படி விற்றும், நால்வரில் மூவர் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள்.

கடன் ஏன் தீரவில்லை? நேயர்களே, மரம் வெட்டி, குலை சுமந்து வாழும் நமக்கு அது எளிதில் விளங்கும். தொழிலாளியின் முதல் அவன் உடம்பு. கடனுக்காக அதை வெட்டிக் கொடுத்தால் முதலுக்கே மோசம். வலியோடு வேலைக்குப் போனால் கூலி குறையும். கூலி குறைந்தால் மறுபடியும் கடன்.

தானம் வேறு. அங்கே மருத்துவர் கொடுப்பவரையும் சோதிப்பார். உடல் தகுதி இல்லையேல் மறுப்பார். பின்னரும் ஆண்டுதோறும் கவனிப்பார். தரகனோ பணம் கைமாறியதும் மறைந்துவிடுவான்.

இறந்தபின் தானம் செய்ய விரும்புவோர் இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். பெயரைப் பதிந்திருந்தாலும் குடும்பத்தாரின் இசைவைக் கேட்பதே இங்கு வழக்கம். பணத்தைக் காட்டி எவரேனும் வந்தால், கதவைச் சாத்துங்கள்.