பம்பர் யாரைக் காக்கிறது?

மணவாள நகரில் நின்றால் ரயில் வண்டிகளின் ஓசை கேட்கும். அருகிலேயே திருவள்ளூர் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது இவ்வழியாகத்தான். பெரம்பூரில் 1955 முதல் 2018 வரை கட்டப்பட்ட பழைய வகைப் பெட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இரு முனைகளிலும் வட்டத் தட்டுகள் பக்கத்திற்கு ஒன்றாக இருக்கும். அவையே ‘பஃபர்’ எனப்படும் தாங்கிகள். அவற்றின் பின்னே வலுவான வில் அமைப்பு உண்டு. பெட்டியோடு பெட்டி இடிக்கும்போது வில் அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வில் வழக்கத்திற்கு வருமுன், குதிரைமயிர் திணித்த தோல் பொதிகளைப் பொருத்திப் பார்த்தார்கள்.

ஆக, பம்பரின் முன்னோடி ரயில்பெட்டிதான். அந்த முன்னோடி நமக்கு ஒரு பாடத்தையும் வைத்துப் போயிருக்கிறது: மோதலைத் தாங்குவதற்கு வலிமை மட்டும் போதாது, நெகிழ்வும் வேண்டும். மோட்டார் வண்டியின் வரலாறு, இந்தப் பாடத்தை மறந்தும் நினைத்தும் வந்த வரலாறே எனலாம்.

அழகுப் பொருளாக இருந்த காலம்

இன்றைய செக் நாட்டில் உள்ள நெசெல்ஸ்டார்ஃப் என்ற ஊரில் 1897இல் உருவான ‘பிரசிடென்ட்’ என்ற கார், பம்பர் பொருத்தப்பட்ட முதல் கார்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனைச் சேர்ந்த பிரெடரிக் சிம்ஸ் ரப்பர் பம்பர் ஒன்றை வடிவமைத்தார். பிறகு பல ஆண்டுகள் குரோமிய முலாம் பூசிய எஃகுப் பட்டைகளே பளபளத்தன. அவை காருக்கு நகையாக இருந்தனவே தவிர, காப்பாக இருந்தது குறைவு.

அமெரிக்க அரசு இதை மாற்றியது. 1973ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முன்புறம் மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்திலும், பின்புறம் 2.5 மைல் வேகத்திலும் தடுப்பில் இடித்தால் விளக்குகள், எரிபொருள் அமைப்பு முதலியவை கெடக்கூடாது என்று விதி செய்தது. அடுத்த ஆண்டு பின்புறத்திற்கும் 5 மைல் என்றாயிற்று. கனத்த பம்பர்களுக்குப் பின்னே எண்ணெய் அடைத்த அதிர்ச்சி உறிஞ்சிகள் வந்தன. 1982இல் இந்த அளவு மீண்டும் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது. பின்னர் நுரைப்பொருளும் பிளாஸ்டிக் உறையும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

ஜீப்பின் வழி வேறு

காட்டிலும் மேட்டிலும் ஓடும் வண்டிக்கு வேறு தேவைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 1941 முதல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அவற்றின் பின்புறம் முழு நீள பம்பர் கிடையாது. இரண்டு ஓரங்களிலும் சிறு எஃகுத் துண்டுகள் மட்டும் இருந்தன. நடுவில் இழுவண்டியை மாட்டும் கொக்கி. இரண்டும் சட்டகத்தோடு போல்ட்டால் இணைந்தவை. விடுதலை பெற்ற 1947இல் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் இந்த ஜீப்பை இணைக்கத் தொடங்கியது.

மணவாள நகர்ப் பகுதிக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மண் அள்ளும் பெரு எந்திரங்களைச் செய்துவந்தது. அப்பிரிவு பின்னர் கேட்டர்பில்லர் நிறுவனத்திடம் சென்றது. அருகில் உள்ள அதிகத்தூர்த் தொழிற்சாலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் காரும், 2002 முதல் பஜேரோவும் இணைக்கப்பட்டன. இதே இடத்திலிருந்து 2021இல் சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன. பஜேரோ, பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் 1985க்கும் 2007க்கும் இடையில் 12 முறை வென்ற வண்டி. அதன் மாற்றுச் சக்கரம் பின்கதவில் தொங்கும். கரடுமுரடான பாதையில் அந்தக் கனம் கதவின் கீல்களை வாட்டும். அதனாலேயே, சக்கரத்தைத் தாங்கும் திறக்கும் கை ஒன்றைக் கொண்ட எஃகுப் பின்பம்பரைப் பொருத்த ஆர்வலர்கள் விரும்புகிறார்கள். இழுத்து மீட்கும் கொக்கிக்கும், உயரத் தூக்கும் ஜாக்கிக்கும் அதில் இடம் கிடைக்கும்.

பட்டறையில் நடப்பது

ஓர் அஞ்சலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் இரண்டு புத்தகங்கள் மேல் வைத்து நடுவில் ஒரு நாணயம் வைத்தால் வளைந்துவிடும். அதே அட்டையின் ஓரங்களை மடித்துத் தொட்டி போலாக்கினால் பல நாணயங்களைத் தாங்கும். எஃகுத் தகட்டை மடித்துப் பெட்டி வடிவில் பம்பர் செய்வதன் தத்துவம் இவ்வளவே. பட்டறையில் முதலில் அட்டையில் மாதிரி வெட்டிப் பார்ப்பார்கள். பின் தகட்டை வெட்டி, மடித்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து அளவு சரிபார்ப்பார்கள். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சூடேறிய பகுதி விரிந்து, ஆறும்போது சுருங்கித் தகட்டை முறுக்கிவிடும். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். பற்றவைப்பின் வெப்பமோ ஆயிரம் டிகிரிக்கும் மேல்! எனவே இங்கும் அங்குமாகச் சிறிது சிறிதாகப் பற்றவைப்பதே முறை.

இனி எடையைப் பார்ப்போம். 4 மில்லிமீட்டர் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 31 கிலோகிராம் இருக்கும். இரண்டு சதுர மீட்டருக்கு 60 கிலோவைத் தாண்டிவிடும். பம்பர் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் அமைந்து, இரு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி 60 கிலோ பம்பர் முன் அச்சிலிருந்து 24 கிலோ சுமையைக் குறைக்கும். பின் அச்சின் சுமையை 84 கிலோ கூட்டும். முன்சக்கரங்கள் தரையைப் பற்றும் பிடி குறையும். மேலும், பின் சக்கரத்தைத் தொட்டு பம்பரின் அடிவிளிம்புக்கு ஒரு கோடு இழுத்தால் தரையோடு அது உண்டாக்கும் கோணமே வண்டி பள்ளத்திலிருந்து ஏறும் திறனைத் தீர்மானிக்கும். கீழே தொங்கும் பம்பர் வண்டியின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

ஒரு கணக்கு

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. 1,800 கிலோ வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் பின்புறமாக இடிக்கிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 4,400 ஜூல். பம்பர் 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் சராசரி விசை சுமார் 9 டன் எடைக்குச் சமம். ஒரு சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கினால் 45 டன்! அந்த விசை போல்ட்டுகள் வழியே சட்டகத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து உள்ளே இருப்பவர் உடலுக்குச் செல்கிறது. வளையாத பம்பர் தான் தப்பித்துக்கொண்டு, அடியை மற்றவரிடம் தள்ளிவிடுகிறது. பின்னால் வருபவர் இருசக்கர வண்டி ஓட்டுநரானால், அந்த அடி அவர் உடலில் விழும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைக் கருதுகிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. வண்டிகளில் பொருத்தப்படும் இரும்புக் காப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. எனவே பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

அடுத்த முறை சாலையில் ஒரு கனத்த எஃகுப் பம்பரைக் காணும்போது, அதன் உறுதியை வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எவ்வளவு அமுங்கும், எவர் பக்கம் அமுங்கும் என்றும் கேளுங்கள். குதிரைமயிர்ப் பொதிக்குத் தெரிந்த அறிவியல் எஃகுத் தகட்டுக்குத் தெரியாது. அதைச் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.