மாலுமியின் மதுக் கோப்பை

மன்னர்களின் முடிசூட்டு விழாக்களும் போர்களின் வெற்றி தோல்விகளும் மட்டுமே வரலாறு என்று எண்ணுதல் தவறு. ஒரு சாதாரண மாலுமி நண்பகலில் ஏந்தி நின்ற கோப்பைக்குள்ளும் வரலாறு உண்டு. ஒரு வழக்கம் எவ்வாறு பிறக்கிறது, பிறந்த காரணம் மறைந்த பின்னரும் எவ்வாறு உயிர் வாழ்கிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்களுக்குப் பிரிட்டிஷ் கடற்படையின் மதுப் பங்கீடு நல்லதொரு பாடமாகும்.

பாய்மரக் கப்பல்களின் காலத்தைச் சற்றே மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நாற்புறமும் நீர், ஆனால் குடிப்பதற்கு உரியதோ மரப் பீப்பாய்களில் அடைத்து வந்த நீர் மட்டுமே. சில வாரங்களில் அதுவும் பாசி பிடித்து நாறத் தொடங்கிவிடும். ஆகவே நாள் ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு காலன் பீர், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர், வழங்கப்பட்டது. வெப்பம் மிகுந்த கடல்களிலே பீரும் புளித்துக் கெட்டது. 1655ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஜமைக்காத் தீவைக் கைப்பற்றிய பின்னர், அப்பகுதியில் கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடிக்கப்பட்ட ரம் என்னும் மது கப்பல்களில் ஏறத் தொடங்கியது. அது கெடுவதில்லை, இடமும் குறைவாகவே கொள்ளும். 1731ஆம் ஆண்டின் கடற்படை விதிகள், ஒரு காலன் பீருக்கு ஈடாக அரைப் பைண்ட் ரம் வழங்கலாம் என்று வகுத்தன. கீழைக் கடல்களுக்கு வந்த கப்பல்களிலே ரம்முக்குப் பதிலாக நம் பக்கத்துச் சாராயமும் பீப்பாய் ஏறியது.

இந்த ரம்மை வடித்தவர் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த மக்கள். அதைக் குடித்தவர் யார்? அவர்களிற் பலர் துறைமுக வீதிகளில் வலிந்து பிடிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்ட ஏழைகள். உரிமை இழந்த ஒருவன் வடித்ததை உரிமை இழந்த மற்றொருவன் குடித்துத் தன் துயரை மறந்தான். இவ்வுண்மையை விட்டுவிட்டு இவ்வழக்கத்தின் கதையைக் கூறுதல் முறையாகாது.

நீர் கலவாத அரைப் பைண்ட் ரம்மை ஒரே மூச்சில் குடித்தவன் பாய்மரத்தின் உச்சியில் ஏறினால் என்னவாகும்? விபத்தும் சண்டையும் மலிந்தன. குடிபோதைக்காகச் சவுக்கடியும் விழுந்தது. மதுவைக் கொடுத்ததும் அரசே. மது மயங்கியவனைத் தண்டித்ததும் அரசே! இம்முரண்பாட்டைக் கண்டு ஒரு வழி தேடியவர் அட்மிரல் எட்வர்டு வெர்னன். 1740ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு நீர் கலக்கவேண்டும். அதிகாரியின் கண்முன்னே கலக்கவேண்டும். நாளில் இருமுறையாகப் பிரித்து வழங்கவேண்டும் என்பது அந்த ஆணை. நல்லொழுக்கமுடையோர் தம் உணவுப் பங்கில் மிச்சம் பிடித்துச் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடமிருந்தது.

வெர்னன் 'கிராக்ரம்' என்னும் முரட்டுத் துணியாலான மேலங்கியை அணிபவர். அதனால் மாலுமிகள் அவருக்குக் 'கிழக் கிராக்' என்று பட்டப்பெயர் இட்டிருந்தனர். நீர் கலந்த ரம்முக்கும் 'கிராக்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. தள்ளாடுபவனைக் 'கிராகி' என்று ஆங்கிலத்தில் குறிப்பதும் இதிலிருந்து பிறந்ததே.

காலப்போக்கில் இப்பங்கீடு ஒரு சடங்காகவே ஆயிற்று. ஊதல் ஒலிக்கும், மன்னரை வாழ்த்தும் பித்தளை எழுத்துகள் பதித்த தொட்டியைச் சுற்றி ஆட்கள் கூடுவர். மது வேண்டாதவர் அதற்கு ஈடாகச் சிறு தொகை பெறவும் பின்னாளில் வழி செய்யப்பட்டது. கோப்பை ஒரு நாணயமாகவும் பயன்பட்டது. உதவி செய்த தோழனுக்கு ஒரு சிறு மிடறு. பேருதவி எனில் ஒரு பெரு மிடறு. பணம் புழங்காத இடத்தில் நன்றியை அளக்கும் படியாக மது நின்றது.

அதிகாரிகளின் விருந்து மேசையிலோ வேறு வழக்கங்கள் இருந்தன. அரசருக்கு வாழ்த்துக் கூறும்போது தரைப்படையினர் எழுந்து நிற்பர். கடற்படையினரோ அமர்ந்தபடியே கோப்பை உயர்த்துவர். கப்பலின் தாழ்ந்த உத்தரத்தில் தலை மோதும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாழ்த்து உண்டு. ஞாயிறன்று பிரிந்திருக்கும் நண்பர்களுக்கு. திங்களன்று கடலிலுள்ள கப்பல்களுக்கு. வெள்ளியன்று போரிட விரும்பும் பகைவனுக்கும் பரந்த கடல் வெளிக்கும். வியாழனன்று கூறிய வாழ்த்துத்தான் நெஞ்சைத் திடுக்கிடச் செய்வது. குருதி சிந்தும் போர் வரட்டும், அல்லது கொள்ளை நோய்ப் பருவம் வரட்டும் என்பது அதன் கருத்து. ஏன்? மேலுள்ளோர் மாண்டாலன்றிக் கீழுள்ளோருக்குப் பதவி உயர்வு கிட்டுவது அரிதாயிருந்தது. 1741ஆம் ஆண்டு கார்த்தஹேனா முற்றுகையிலே, அதே வெர்னனின் படையெடுப்பில், ஆயிரக்கணக்கானோர் நோயால் மடிந்தனர். அத்தகைய மரணத்தையே வேண்டிச் சிரித்த முகத்துடன் கோப்பை உயர்த்தினர் இளைஞர்! தனி மனிதரின் கொடுமை என்று இதனைக் கொள்ளலாகாது. பிறர் சாவில் தன் வாழ்வு என்று அமைந்துவிட்ட ஏற்பாட்டின் கொடுமை அது.

பங்கீடு எவ்வாறு முடிந்தது? 1824ஆம் ஆண்டு அளவு பாதியாகக் குறைந்தது. 1850ஆம் ஆண்டு ஆராய்ந்த குழு, இதனை அறவே ஒழிக்கவேண்டும் என்றது. ஆயினும் மறுபடியும் பாதியாகக் குறைக்க மட்டுமே துணிவு பிறந்தது. அமெரிக்கக் கடற்படை 1862ஆம் ஆண்டிலேயே மதுப் பங்கீட்டை நிறுத்திவிட்டது. பிரிட்டனிலோ 1881ஆம் ஆண்டில் அதிகாரிகளுக்கு நின்றும், மாலுமிகளுக்குத் தொடர்ந்தது. நீராவி வந்தது, கப்பலிலேயே நன்னீர் வடிக்கும் கருவிகளும் வந்தன. வழக்கம் பிறந்த காரணம் மறைந்தது, வழக்கம் மறையவில்லை. இறுதியாக, நுட்பமான இயந்திரங்களை இயக்குவோருக்கு மது பொருந்தாது என்று முடிவாகி, 1970ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கடைசிக் கோப்பை வழங்கப்பட்டது. அன்று சில கப்பல்களில் மாலுமிகள் கருப்புப் பட்டை அணிந்து, ரம்முக்குப் போலி இறுதிச் சடங்கும் நடத்தினர். அரசியின் ஆணையால் சிறப்பு நாட்களில் மட்டும் ஒரு கோப்பை வழங்கும் மரபு பின்னரும் இருந்தது. 2012ஆம் ஆண்டு அரசி அரியணை ஏறியதன் வைர விழாவிலும் அது நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டில், பெண்களும் கப்பற்பணி ஆற்றுவதைக் கருதி, மனைவியரையும் காதலியரையும் வாழ்த்தும் சனிக்கிழமை வாழ்த்து, குடும்பத்தினரை வாழ்த்துவதாக மாற்றப்பட்டது.

வெர்னனின் ஆணைக்கும் கடைசிக் கோப்பைக்கும் இடையே 230 ஆண்டுகள்! ஒழித்துவிடுக என்று குழு கூறிய பின்னரும் 120 ஆண்டுகள்! அம்மாலுமிகள் அழுதது மதுவை எண்ணி மட்டுமன்று. தோழமையோடு கூடி நின்ற அந்த நண்பகற்பொழுதை எண்ணியே அழுதனர் எனலாம். ஒரு பழைய வழக்கத்தை ஆராயும்போது, அதிலுள்ள அன்பு எது, அதில் கலந்த நஞ்சு எது என்று பிரித்தறிதல் வேண்டும். அன்பைக் காப்பதற்காக நஞ்சையும் காக்கவேண்டும் என்னும் நியதி இல்லை.