நெப்ராஸ்கா: தனித்து நிற்கும் ஒரு வாக்கு

அமெரிக்கக் குடியரசுத் தலைவராவதற்கு 538 தேர்வாளர் வாக்குகளில் 270 தேவை. 48 மாநிலங்கள், தம் எல்லைக்குள் முந்தியவருக்கே தமது தேர்வாளர் வாக்குகள் முழுவதையும் அளித்துவிடுகின்றன. இதன் விளைவை மிசிசிப்பியில் காணலாம். அங்கு மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியையே ஆதரிக்கின்றனர். ஆயினும் 1976க்குப் பின் அம்மாநிலத்தின் ஒரு தேர்வாளர் வாக்குகூட அக்கட்சிக்குக் கிடைத்ததில்லை.

1972 முதல் மெய்னும், 1992 முதல் நெப்ராஸ்காவும் வேறு வழியைப் பின்பற்றுகின்றன. நெப்ராஸ்காவின் 5 வாக்குகளில் இரண்டு, மாநில அளவில் வென்றவருக்கு உரியவை. எஞ்சிய மூன்றும் நாடாளுமன்றத் தொகுதிவாரியாகப் பிரிகின்றன. இரண்டாம் தொகுதியின் மையம் ஒமாகா. 1925இல் மால்கம் எக்ஸ் பிறந்த நகரம். நகரின் வடபகுதியில் செறிந்து வாழும் கறுப்பின மக்கள் தனித்து இத்தொகுதியை வெல்ல இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையின வாக்காளருள் ஒரு பகுதியினரும் இணையும்போதே வெற்றி கைகூடுகிறது.

2008இல் அது நிகழ்ந்தது. மாநிலம் மெக்கெயினுக்குச் சென்றபோதும், ஒமாகாவின் ஒரு வாக்கு ஒபாமாவுக்குக் கிடைத்தது. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் 2011இல் தொகுதி எல்லைகளை மாற்றியது. பல இனத்தவர் வாழும் பெல்வியூ வெளியேற்றப்பட்டு, மேற்குப் புறநகர்ப் பகுதிகள் சேர்க்கப்பட்டன. தொகுதி மறுவரையறையின் அரசியலை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. 2012, 2016 ஆகிய இரு தேர்தல்களிலும் ஐந்து வாக்குகளும் குடியரசுக் கட்சிக்கே சென்றன. 2020இல் பைடனும் 2024இல் ஹாரிஸும் அந்த ஒரு வாக்கை மீண்டும் பெற்றனர்.

2024 தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது இம்முறையை நீக்கிவிடும் முயற்சி தீவிரமடைந்தது. 269–269 என்ற சமநிலையை இந்த ஒரு வாக்கு மாற்றக்கூடும் என்பதே காரணம். 49 உறுப்பினர் அவையில் முட்டுக்கட்டையைக் கடக்க 33 பேர் வேண்டும். ஒமாகாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் மெக்டோனல் உடன்பட மறுத்ததால் முயற்சி நின்றது.

எனினும் இம்முறையை ஒடுக்கப்பட்டோரின் காவலன் எனக் கொள்வதற்கில்லை. மெய்னில் 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஊரகத் தொகுதியின் வாக்கு டிரம்புக்கே சென்றது. நாடு முழுவதும் இம்முறை இருந்திருந்தால், ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகள் குறைவாகப் பெற்ற ராம்னியே 2012இல் வென்றிருப்பார். தொகுதி எல்லைகள் அவ்வாறு வகுக்கப்பட்டிருந்தன. 2025இல் நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் நீக்க மசோதா மீண்டும் வந்தது. அப்போதும் 33 எட்டப்படவில்லை.