வயர்ஷார்க்: போடறது ஒரு வரி, எடுக்கறது மூணு வரி

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டற பதிவு. ஜுபைல்ல அஞ்சாறு பேர் ஒரே வைஃபையைப் பங்கு போட்டுக்கற ரூம்கள்ல, ராத்திரி ஊருக்குப் பேசும்போது வீடியோ விக்க ஆரம்பிச்சா யாராவது ஒருத்தர் கேட்பார்: "வயர்ஷார்க் போட்டு, எவன் டவுன்லோடு பண்றான்னு பார்த்துடலாமா?" போடறதுக்கு முன்னாடி அதோட பூர்வீகத்தைப் பார்த்துடலாம்.

இந்த வகைக் கருவிகளுக்குத் தாத்தா டிசிபிடம்ப். 1988-ல கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரேக் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் மூணு பேரும் எழுதினது. நெட்வொர்க்ல போற பாக்கெட்டுகளை கமாண்ட் லைன்லயே வரிவரியா காட்டும்.

பத்து வருஷம் கழிச்சு, அமெரிக்காவில் கன்சாஸ் பக்கம் ஒரு சின்ன இணையச் சேவை கம்பெனியில இருந்த ஜெரால்ட் கோம்ஸுக்கு பாக்கெட்டைப் பிரிச்சுக் காட்டற மென்பொருள் தேவைப்பட்டது. விலைக்குக் கிடைச்சது சுமார் 1,500 டாலர். அதுவும் அவங்ககிட்ட இருந்த சோலாரிஸ், லினக்ஸ்ல ஓடாது. மனுஷன் தானே எழுதி 1998-ல 'ஈத்தரியல்'னு இலவசமா வெளியிட்டார். 2006-ல வேலை மாறினப்போ நிரலைக் கையோட கொண்டு போக முடிஞ்சது. பேரோட வணிக உரிமை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிடுச்சு. அதனாலதான் புதுப் பேர், வயர்ஷார்க்.

டெபியன், உபுண்டுல நிறுவறது சுலபம்: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வயர்ஷார்க்'. நடுவுல ஒரு கேள்வி வரும்: சாதாரணப் பயனர்களும் பாக்கெட் பிடிக்கலாமா? 'இல்லை'ங்கறதுதான் முன்னிருப்பு. 'ஆமாம்'னா, வயர்ஷார்க்ங்கற குழுவில் சேர்த்தவங்களுக்கு மட்டும் அனுமதி. பாக்கெட் பிடிக்கிற வேலையை டம்ப்கேப்னு ஒரு சின்ன நிரல் தனியா செய்யும். பாக்கெட்டைப் பிரிச்சுப் படிக்கிற பெரிய நிரலில் ஓட்டை இருந்தா, அது முழு அதிகாரத்தோட ஓடக்கூடாதுன்னுதான் இந்தப் பிரிவினை.

சரி, ரூம்மேட்டைப் பிடிச்சுடலாமா? அந்தக் காலத்து ஹப்ல எல்லார் போக்குவரத்தும் எல்லாருக்கும் போச்சு. இப்போ சாதாரணமா உங்க சொந்தப் பொட்டியோடதுதான் தெரியும். அதையும் மீறி அடுத்தவனோடதைப் பிடிச்சா வேற கதை. சவுதியின் 2007 சைபர் குற்றச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாம இடைமறிச்சுக் கேட்டா ஒரு வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரியால் வரை அபராதம். 'சும்மா பார்த்தேன்'னு சொல்லித் தப்பிக்கறது கஷ்டம்.

ஆபீஸ்ல இன்னும் ஜாக்கிரதை வேணும். 2012 ஆகஸ்ட் 15-ல ஷமூன் வைரஸ் ஆரம்கோவில் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களைத் துடைச்சுது. 2017 ஜனவரியில இதே ஊர் சதாரா கெமிக்கல் நெட்வொர்க் பாதிப்புன்னு அறிவிச்சது. இப்படி அடிபட்ட ஊர்ல, கேட்காம கண்காணிப்புக் கருவி போட்டவனை எந்த அட்மின் நல்லவன்னு நம்புவார்? எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க.

எடுக்கறதுலதான் விஷயமே இருக்கு. 'ஆப்ட் ரிமூவ் வயர்ஷார்க்'னு அடிச்சுட்டு எழுந்து போயிடறோம். ஆனா டம்ப்கேப் இருக்கறது வயர்ஷார்க்-காமன்ங்கற வேற பொதியில். அது குடுத்த அதிகாரத்தோட அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால:

1. 'சூடோ ஆப்ட் பர்ஜ் வயர்ஷார்க் வயர்ஷார்க்-காமன்'. அமைப்புக் கோப்புகளும் சேர்ந்து போகும்.
2. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. கூட வந்த உதிரிகள் போகும்.
3. நீங்க சேமிச்ச பிடிப்புக் கோப்புகளை ஆப்ட் தொடாது. ஹோம் டைரக்டரியில தேடி, நீங்களேதான் 'ஆர்எம்' அடிக்கணும்.

இந்த மூணாவதை நிறைய பேர் விட்டுடறாங்க. எச்டிடிபிஎஸ் புண்ணியத்துல இன்னிக்கு பாஸ்வேர்டு பெரும்பாலும் தெரியாது. ஆனா எந்தப் பொட்டி எத்தனை மணிக்கு எந்தத் தளத்துக்குப் போச்சுங்கறது அந்தக் கோப்புல இருக்கலாம். லேப்டாப்பை அடுத்தவருக்கு வித்துட்டு ஊருக்குக் கிளம்பற மக்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்குங்க.

ஃபெடோரா, சூசே ஆளுங்க உங்க பக்கத்துக் கமாண்டைப் பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க, சேர்த்துடறேன்.