வைக்கோற்போரும் வட்டுக்கோட்டையும்

ஒரு சமயத்தின் வரலாற்றை அச்சமயத்தார் இயற்றிய நூல்களிலே மட்டும் தேடுதல் போதாது. அதனை எதிர்த்து நின்றாருடைய வரலாற்றிலும் அதன் பகுதியொன்று பொதிந்து கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்துச் சைவம் அடைந்த தளர்ச்சியையும், பின்னர்ப் பெற்ற எழுச்சியையும் உள்ளவாறு அறியப் புகுவார், நல்லூரினின்றன்று, அமெரிக்க நாட்டிலே மழைக்கஞ்சி ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கிய மாணவர் ஐவரிடத்தினின்று தொடங்குதல் வேண்டும்.

மாசச்சூசெட்ஸ் நாட்டிலே வில்லியம்ஸ் கல்லூரி என்றொரு கல்லூரியுண்டு. 1806ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே ஒருநாள், அக்கல்லூரி மாணவர் ஐவர் வழிபாட்டின்பொருட்டு வயல்வெளியிற் கூடினர். இடியும் மழையும் எழவே, அங்குக் கிடந்த வைக்கோற்போரின் பக்கத்தே ஒதுங்கினர். அவருள் முதல்வர் சாமுவேல் மில்ஸ் என்பார். ஆசியாக் கண்டத்து மக்களுக்குக் கிறிஸ்து மதத்தைக் கொண்டு செல்லுதல் வேண்டும் என்றும், அதனைப் பிறர் செய்வரென்று காத்திராது தாமே செய்தல் கூடும் என்றும் அவர் எடுத்துரைத்தார். ஒருவர் மட்டும் அதற்கு இணங்கிலர். ஏனையோர் இசைந்து, இடியோசையினிடையே தம் கடவுளை வேண்டினர். பொருளோ, சபையோ, துரைத்தனத்தாரின் உதவியோ யாதொன்றும் அன்று அவர்பால் இல்லை. இருந்தது துணிவு ஒன்றே.

அவ்வைவருள் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்னும் பெயரினர் ஒருவர். அவரை நினைவிற் கொள்க. மில்ஸ் ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்று, மீளும் வழியிலே 1818இல் கடலிலே உயிர் நீத்தார். ஏனையோர் மூவர் தம் நாட்டிலேயே தொழில் புரிந்தனர். வைக்கோற்போரின் அடியிற் கொண்ட எண்ணத்தின்படியே கீழ்த்திசை சென்று அங்கே வாழ்நாளைக் கழித்தவர் ரிச்சர்ட்ஸ் ஒருவரே. அவர் உடல் மண்ணாகிய இடம் தெல்லிப்பழை.

1808இல் அம்மாணவர் தம்முள் ஒரு மறைக் கூட்டத்தை அமைத்து, அதன் விதிகளைக் குறியெழுத்தால் எழுதி வைத்துக்கொண்டனர். பின்னர் அந்தோவர் என்னும் ஊரிலுள்ள சமயக் கல்லூரியை அடைந்து, பிற கல்லூரிகளினின்று வந்த மாணவரோடு கூடினர். 1810ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தம் சபைக் குருமார் முன்னர், தம்மைப் பிறநாட்டிற்கு அனுப்புமாறு விண்ணப்பஞ் செய்தனர். விண்ணப்பத்தில் ஒப்பமிட விரும்பினோர் அறுவர். அத்துணைப் பேரைக் கண்டாற் செலவினை எண்ணிக் குருமார் அஞ்சுவரென்று கருதி, இருவர் பெயர் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட பெயர்களுள் ஒன்று ரிச்சர்ட்ஸின் பெயர். அவ்விண்ணப்பத்தின் பயனாகத் தோன்றியதே அமெரிக்க மிஷன் சங்கம். மாணவர் வேண்டுகோளால் மூத்தோர் சங்கம் அமைத்தனரேயன்றி, மூத்தோர் ஏவலால் மாணவர் புறப்பட்டாரல்லர் என்பது ஈண்டு உற்று நோக்கத்தக்கது.

1812இல் முதற் கூட்டத்தார் கல்கத்தாவை அடைந்தனர். கிழக்கிந்தியக் கும்பினியார் அவரை அங்குத் தங்கவொட்டாது விலக்கினர். அவருள் ஒருவரான சாமுவேல் நியூவெல் என்பாரின் மனைவியார் ஹாரியெற், இடமின்றி அலைந்து மொரீசுத் தீவிலே அவ்வாண்டின் இறுதியில் இறந்தார். அவர்க்கு வயது பத்தொன்பது. நியூவெல் 1813இல் இலங்கையை அடைந்தார். இலங்கை கும்பினியாரின் ஆட்சிக்குட்படாது ஆங்கில அரசரின் நேராட்சிக்குட்பட்டிருந்தமையானும், தேசாதிபதி பிரௌன்றிக் பாதிரிமாருக்கு ஆதரவாளராயிருந்தமையானும், அவர்க்கு அங்கே தடையில்லையாயிற்று. இவ்வாறாக வங்காளத்திற்கென எழுந்த முயற்சி யாழ்ப்பாணத்தை நோக்கித் திரும்பியது.

இதற்கிடையே ரிச்சர்ட்ஸ் காலத்தை வீணே கழித்திலர். பிலடெல்பியா நகரிலே மருத்துவமும் பயின்றார். அமெரிக்கர்க்கும் ஆங்கிலேயர்க்கும் மூண்ட போர் 1815இல் ஓய்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலே ரிச்சர்ட்ஸ், தானியேல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வர்ட் வாரன் ஆகிய நால்வர் இலங்கைக்குக் கப்பலேறினர். ஐந்து மாதங் கழித்து, 1816ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொழும்பிலிறங்கி, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்தை அடைந்தனர். பூவரும் வாரனும் தெல்லிப்பழையிலும், மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையிலும் குடிபுகுந்தனர். ஆண்டுக் கிடைத்தவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பாழடைந்த கட்டடங்களே.

மறியாத நாடு, பழகாத வெப்பம், அறியாத மொழி இவற்றினிடையே நோய் விரைந்து பற்றியது. வாரன் ஈளையால் மெலிந்து, 1818இல் நன்னம்பிக்கை முனையிலே இறந்தார். அவருக்குத் துணையாகச் சென்ற ரிச்சர்ட்ஸும் நோயுடனேயே மீண்டார். 1821இல் பூவரின் மனைவியார் இறந்தார். 1822ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே, வைக்கோற்போரின் நிகழ்ச்சிக்குச் சரியாகப் பதினாறு ஆண்டின்பின், ரிச்சர்ட்ஸ் தெல்லிப்பழையிற் காலமானார். அவ்வாண்டின் இறுதியிலே, டிசம்பர் மாதத்தில், அங்கிருந்து சில நாழிகை வழியிலுள்ள நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பாருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே பின்னர் ஆறுமுக நாவலராயிற்று. காலம் இவ்விரண்டினையும் ஓராண்டிலே வைத்தமை திருவருளின் குறிப்பென்று சைவர் கொள்வாராயின், அது பிழையாகாது.

இனி, அப்பாதிரிமார் கைக்கொண்ட முறையை ஆராய்வாம் எனின், அது விடுதிப் பள்ளிக்கூடமே. வீதிகளில் நின்று பிரசங்கித்தலால் வந்த பயன் சிறிதாயிருந்தது. கேட்டோர் வீடு சென்றதும் கேட்டதை மறந்து, கோயிலுக்குச் சென்று திருநீறு பூசினர். ஆதலால் இளம்பிள்ளைகளை இல்லத்தினின்று பிரித்து, உணவும் உடையும் உறையுளும் கல்வியும் தாமே அளித்துத் தம் கண்முன் வளர்த்தலே தக்கதென்று அவர் துணிந்தனர். முதலில் பெற்றோர் இணங்கிலர். கிறிஸ்தவர் மனையில் உண்ணுதல் குலவொழுக்கத்திற்கு இழுக்கென்று கருதப்பட்டமையால், சமையலின்பொருட்டுத் தனி ஏற்பாடுகள் செய்யவேண்டியதாயிற்று. வறுமையும், ஆங்கிலக் கல்வியாற் கிடைக்கும் உத்தியோகத்தின்மேலுள்ள ஆசையும் நாளடைவில் அத்தடைகளைத் தளர்த்தின.

செலவினை அமெரிக்க நாட்டு அன்பர் ஏற்றனர். ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவைத் தருவோர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடலாம் என்பது விதி. ஆதலால் தாய் தந்தையர் முருகன் பெயரும் சிவன் பெயரும் இட்டு அழைத்த சிறுவர், கடல் கடந்த நாட்டிலே தம்மைக் கண்டறியாதாருடைய பெயர்களைச் சுமந்தனர். 1824இல் உடுவிலிலே பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளி நிறுவப்பட்டது. அதனை முதலில் நடாத்தியவர் வின்சுலோ பாதிரியாரின் மனைவியார் ஹாரியெற் அம்மையார். ஆங்குக் கற்ற பெண்கள் கிறிஸ்தவரை மணப்பாராயின் அவர்க்குச் சீதனமும் மிஷனாரே அளித்தனர். பசித்த பிள்ளைக்கு உணவிடுதல் அறமே. அவ்வுணவின் விலையாக அப்பிள்ளையின் பெயரையும் சமயத்தையும் கேட்டல் அறமோ என்னும் வினா அன்றே எழுந்தது. அதற்கு விடை கூறுதல் எளிதன்று. எழுத்தறியாதிருந்த பெண்மக்களுக்கு எழுத்தறிவித்தவரும் அவரே என்பதனை மறைத்தலாகாது. அக்காலத்துச் சைவர் தம் பெண்மக்களுக்கென ஒரு பள்ளிதானும் அமைத்திலர் என்பதனையும் மறத்தலாகாது.

உடுவிற் பள்ளியின் சிறப்பு எலைசா அக்னியூ அம்மையாரால் உயர்ந்தது. அவர் நியூயார்க்கு நகரிற் பிறந்தவர். எட்டு வயதிலே பூகோள பாடத்திற் கீழ்நாடுகளைப் பற்றிக் கேட்டபொழுதே அந்நாடுகட்குச் செல்வதென்று உறுதி பூண்டார். அவ்வுறுதி நிறைவேறப் பல்லாண்டு காத்திருந்து, 1840இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். ஏறத்தாழ நாற்பதாண்டு அப்பள்ளியைத் தலைமையேற்று நடாத்தினார். இடையில் ஒருமுறையேனும் தாய்நாடு சென்றிலர். 1883இல் மானிப்பாயில் இறந்தார். தாய் கற்றவழியே பின்னர் மகளும் அவர்பாற் கற்றனள். சமயம் வேறாயினும் தொண்டின் உறுதி எத்தன்மையதென்று காட்டும் உரைகல்லாக அவ்வம்மையார் வாழ்க்கை நிற்கின்றது.

1823இல் வட்டுக்கோட்டையிலே உயர்தரக் கல்விச்சாலையொன்று தொடங்கப்பட்டது. செமினரி என்று அது வழங்கப்பட்டது. அதன் முதற்றலைவர் பூவர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானநூல், மேனாட்டுத் தத்துவம் முதலியன அங்குப் பயிற்றப்பட்டன. சைவ சமயத்தை மறுக்க வேண்டின் அதனை முதலிற் கற்றல் வேண்டுமென்று அவர் கருதியமையால், தமிழிலக்கியமும் வடமொழியும் அங்கு இடம்பெற்றன. இதன் விளைவு எண்ணியதற்கு மாறாயிற்று. மறுத்தற்பொருட்டுக் கற்பிக்கப்பட்ட நூல்கள், கற்றவர் சிலருக்குப் பற்றுக்கோடாயின.

பூவரின்பின் தலைமையேற்ற ஹொய்சிங்டன் பாதிரியார், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறின. மெய்கண்டதேவர் திருவாய்மொழி மேனாட்டறிஞர் கைக்குச் சென்ற பழைய வாயில்களுள் ஒன்று, அதனை வெல்ல வந்த பாதிரியாரின் எழுதுகோலே! வின்சுலோவின் பெயரால் வழங்கும் தமிழ் ஆங்கில அகராதி 1862இற் சென்னையில் வெளிவந்தது. அறுபத்தேழாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அது, தமிழ் கற்பார்க்கு நெடுங்காலம் துணையாயிற்று.

சென்னைச் சர்வகலாசாலையார் 1857இல் முதன்முறை நடாத்திய பி. ஏ. பரீட்சையிலே தேறிய இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றவரே. ஒருவர் கறோல் என அமெரிக்கப் பெயர் பூண்ட விசுவநாதபிள்ளை. மற்றையவர் தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவத்தைத் தழுவி, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பியவுரை, வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றியமை தமிழுலகம் அறிந்ததே.

1855ஆம் ஆண்டிலே செமினரி மூடப்பட்டது. அங்குக் கற்றோர் பலர் ஆங்கிலத்தை உத்தியோகத்திற்கு ஏணியாகக் கொண்டனரேயன்றிப் பாதிரித் தொழிலை விரும்பிலர் என்று அமெரிக்கச் சங்கத்தார் கருதினர். அவ்வாண்டிலேயே பூவரும் மானிப்பாயிலே வாந்திபேதியால் இறந்தார். நால்வராய் வந்த கூட்டத்தின் முதற் பருவம் அத்தோடு முடிந்தது.

நாவலர் அமெரிக்கர் பள்ளியிற் கற்றவரல்லர். ஆங்கில வெஸ்லியன் மிஷனார் யாழ்ப்பாணத்தில் நடாத்திய பள்ளியிற் கற்று, அங்கேயே உபாத்தியாயராகவும் இருந்து, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்தார். பாதிரிமாரின் வலிமை எங்குள்ளதென்பதனை அணுக நின்று கண்டார். அது வெள்ளைத் தோலிலன்று, துரைத்தனத்தாரின் துணையிலுமன்று. வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்தலிலும், எளிய உரைநடையிற் பாடநூல் ஆக்கலிலும், அச்சியந்திரத்திலும், வாரந்தவறாத பிரசங்கத்திலும், அனைத்தினும் மேலாகத் தம்மையே கொடுத்துவிடும் துணிவிலும் அது நின்றது. 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷன் பள்ளியின் வேதனத்தைத் துறந்தார். பின்னர் அச்சியந்திரசாலை அமைத்துப் பாலபாடங்களை வெளியிட்டார். இல்லறத்தை மேற்கொள்ளாது, தம் வாழ்நாள் முழுவதையும் அத்தொண்டிற்கே ஆக்கினார். அவர் பிள்ளைகளின் பெயரை மாற்றிலர், அவரை இல்லத்தினின்று பிரித்திலர். எதிரியின் கருவிகளை ஏற்று, அவன் குறையை ஏலாது விடுத்தமையே நாவலரின் பேரறிவு.

வைக்கோற்போரின் கதை அமெரிக்காவிலும் அத்துடன் முடிந்திலது. 1886ஆம் ஆண்டு கோடையிலே, மூடி என்னும் பிரசங்கியார் மாசச்சூசெட்ஸில் நிறுவிய மவுண்ட் ஹெர்மன் விடுதிப் பள்ளியிலே, பல கல்லூரிகளினின்று 251 மாணவர் கூடினர். கூட்டம் முடியுமுன் அவருள் 100 பேர் பிறநாடு செல்ல ஒப்பமிட்டனர். அவரைத் தூண்டியவருள் தலையானவர் றாபர்ட் வைல்டர். அவர் பிறந்தது கோலாப்பூரிலே, பாதிரியார் ஒருவரின் இல்லத்தில். 1888இல் மாணவத் தொண்டரியக்கம் என அது முறையாக அமைந்தது. பின்னிரண்டு தலைமுறைகளில் அவ்வியக்கத்தின் வாயிலாகப் பிறநாடு சென்ற மாணவர் இருபதினாயிரத்தின் மேற்பட்டவர். ஆயினும், முதல் உலகப்போரின் பின்னர், பிறர் சமயத்தை இருளென்று கூறும் உரிமை தமக்குண்டோ என்னும் ஐயம் அம்மாணவர் உள்ளத்திலேயே முளைத்தது. அதனோடு இயக்கமும் தளர்ந்தது.

இவ்வரலாற்றிற் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உள. பிறர் வழிபடும் கடவுளை அறியுமுன்னரே இகழத் துணிந்தமை தள்ளத்தக்கது. உணவையும் சீதனத்தையும் சமயத்திற்குத் தூண்டிலாக்கியமையும் தள்ளத்தக்கதே. இருபது வயதிலே ஒன்றை மெய்யென்று துணிந்து, அதன்பொருட்டு வீட்டையும் நாட்டையும் உயிரையும் கொடுத்தமை கொள்ளத்தக்கது. ரிச்சர்ட்ஸ் கொண்ட கொள்கை சைவர்க்கு உடன்பாடன்று. ஆயினும், பெயர் நீக்கப்பட்டும் ஒதுங்காது, ஐந்தாண்டு காத்திருந்து, வந்த இடத்திலே ஆறாண்டிற்குள் மாண்ட அவரது உறுதி எச்சமயத்தார்க்கும் நாணத்தை விளைப்பது.

தெல்லிப்பழையிலே அவ்வமெரிக்க மாணவர் தம் உடலைக் கொடுத்தார். வண்ணார்பண்ணையிலே நாவலர் தம் வாழ்நாளைக் கொடுத்தார். கொடுத்தவர் இருந்த அளவே அவரவர் சமயம் அந்நாட்டில் நின்றது. பள்ளிகளைக் கட்டுதல் பொருளால் ஆகும். அவற்றை நிலைநிறுத்துதல் தம்மையே கொடுக்கும் இளைஞரால் அன்றி ஆகாது. சைவத் திருமடங்களும் சபைகளும் பொருளைத் தேடுமளவிற்கு அத்தகைய இளைஞரையும் தேடுகின்றனவா என்பதனைச் சைவ நன்மக்கள் சிந்திப்பாராக.